ஏழாம் நம்பர் தாடை

பல் டாக்டர்கள் அவரை அச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கும் மின்சார ரசீதுக்கும் மட்டுமே தெரியும். வயது ஐம்பத்து நான்கு. சாவிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள் அவருடைய பட்டறை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை டப்பாவில் வைத்து ஆர்டர் சீட்டோடு அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, பிளேட் செய்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது இவர் கைவண்ணத்தில்தான். ஆனால் அவர்களில் ஒருவர் முகம்கூட இவருக்குத் தெரியாது.

தெரியக் கூடாது என்பதுதான் விதி. பல் செட் செய்கிறவன் யார் வாயிலும் கை வைக்கக் கூடாது. அது டாக்டர் வேலை. சிலர் மாடியேறி வந்து, "நீங்களே அளவெடுத்துப் போட்டுடுங்களேன், எதுக்கு டாக்டர்?" என்று குழைவார்கள். உடனே நம் ஆள் எழுந்து நின்றுவிடுவார். "நான் வாயப் பாக்கற ஆள் இல்லைங்க. சீட்டோட வாங்க." அந்தக் கெடுபிடிக்காகவே பதினோரு டாக்டர்கள் அவரிடம் வேலை கொடுத்தார்கள். அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் ஒரே ஒரு வாயில் அவர் கை வைத்திருந்தார். வேறு யார் வாய், அவருடையதுதான்.

முப்பத்தைந்து வயதில் நடந்தது. கீழ்வரிசையில் வலது பக்கம் இரண்டு பல் ஏற்கெனவே போயிருந்தது. மூன்றாவது ஆடிக்கொண்டே உயிரை வாங்கியது. பெரிய டாக்டரிடம் போயிருக்கலாம். அவர்தான் முதல் வாடிக்கையாளர், கண்டிப்பானவர், ஆனால் தங்கமான மனிதர். சிக்கல் என்னவென்றால், அந்தப் பெரிய டாக்டர் தன் நோயாளிகளிடம், "எங்க அச்சு பல்லைப் பாருங்க, பல்லுன்னா அப்படி இருக்கணும்" என்று சொல்லிப் பழகியிருந்தார். இவரும் ஈ என்று காட்டிப் பழகியிருந்தார். அந்த நாற்காலியில் போய் எப்படி உட்காருவது? கம்பி வளைக்கும் குறட்டை வெந்நீரில் கழுவிக்கொண்டு, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தானே பிடுங்கினார். பல் வந்தது. வேரில் ஒரு துண்டு உள்ளேயே நின்றுவிட்டது. நாலு நாள் வீங்கியது, வற்றியது. மூன்று பல்லுக்கும் சேர்த்து ஒரு சின்ன பிளேட் செய்து மாட்டிக்கொண்டார். செட் வைத்திருப்பது மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. வேர் உள்ளே இருப்பது மனைவிக்கும் தெரியாது.

பத்தொன்பது வருஷம் அது சும்மா கிடந்ததாகத்தான் அவர் நினைத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் பிளேட் உள்பக்கம் அழுத்த ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்த்திருப்பார்கள். இவருக்கு அந்த யோசனையே வரவில்லை. பிளேட் உட்காரவில்லை என்றால் பிளேட்டில் கோளாறு. இருபத்தெட்டு வருஷத் தொழில் அவருக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. தன் வாயில் தானே அச்செடுத்தார், மாடல் ஊற்றினார், அடியில் பென்சிலால் தேதியும் 1 என்ற எண்ணும் போட்டார், பிளேட்டில் இடிக்கிற இடத்தைத் தேய்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்று நாலு மாதம் கழித்து மறுபடி இடித்தது. இரண்டாம் நம்பர் மாடல். மறுபடி தேய்த்தார். தேய்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஏழாம் நம்பர் மாடலில் தாடையின் ஓரம் பாதித் திராட்சையை ஒட்டி வைத்ததுபோல் புடைத்து நின்றது. அச்செடுக்கும்போது கை நடுங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஏழு தடவையா நடுங்கும்?

மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பழைய துணிகளைப் பிரித்தும் பிடித்தும் தைத்துக்கொடுப்பவள். கண் அவளுக்கு ஊசிக் கண்.

"என்னங்க, வாயோரமா டீ ஒழுகுது. தெரியலையா?"

"சூடா இருந்துச்சும்மா. அதான்."

"அது ஆறிப்போன டீங்க. நான் ஊத்தி அரை மணி நேரமாச்சு."

அவர் துடைத்துக்கொண்டார். துடைத்த விரல் உதட்டில் பட்டதே தெரியவில்லை. வலப்பக்கக் கீழுதடு மரத்துப்போயிருந்தது. பெரிய டாக்டர் யாரிடமோ ஒருமுறை, "உதடு மரத்துப்போச்சுன்னா அன்னைக்கே ஓடி வரணும்" என்று சத்தம் போட்டதைக் கேட்டிருக்கிறார். 

இப்போது தேவை ஒரு தாடை டாக்டர். போர்டில் 'வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணர்' என்று இரண்டு வரிக்குப் போட்டிருப்பார்கள். அப்படி ஒருவரை இவருக்குத் தெரியாது. பட்டறைச் சுவரில் இருந்த பதினோரு போன் நம்பரும் பல் கட்டுகிற, பல் அடைக்கிற டாக்டர்களுடையவை. அவர்களில் யாரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு, "யாருக்கு?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் மனிதர் ஊரைச் சுற்றக் கிளம்பினார்.

முதலில் ஊரின் மறுகோடியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார். அங்கே தன் மச்சான் பெயரைக் கொடுத்தார். உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். எவன் அவன், கூப்பிடுவது காதில் விழாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று இவரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். காது டாக்டர் தாடையை வெளியே இருந்தே தடவிவிட்டுக் கையைக் கழுவினார்.

"இது காதும் இல்ல, மூக்கும் இல்ல, தொண்டையும் இல்ல. தாடைக்குன்னே தனி சர்ஜன் இருக்காங்க. முதல்ல ஒரு நல்ல பல் டாக்டரைப் பாருங்க, அவர் சரியான ஆள்கிட்ட அனுப்புவார்" என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார். தெருவுக்கு வந்து பிரித்தால், பெரிய டாக்டரின் பெயர்.

அடுத்த நாள் காலை ஏழாம் நம்பர் மாடலைத் துணியில் சுற்றிக்கொண்டு பெரிய டாக்டரிடமே போனார். நோயாளியாக இல்லை. தொழில் சந்தேகம் கேட்க வந்த அச்சாகப் போனார்.

"என்னய்யா, அதிசயமா நீயே வந்திருக்க?" என்றார் பெரிய டாக்டர்.

"ஒரு கேஸ் டாக்டர். பிளேட் உக்கார மாட்டேங்குது. இந்த மாதிரி இருந்தா எந்த சர்ஜன்கிட்ட அனுப்பணும்?"

பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புடைப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். மாடலைத் திருப்பி அடியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஏழா? அப்ப இதுக்கு முன்னாடி ஆறு இருக்கா?"

"ரெண்டு வருஷமாத் தேய்ச்சுக் குடுத்தேன் டாக்டர்."

"உதடு மரத்திருக்கா அந்த ஆளுக்கு?"

"ஆமா, வலது பக்கம்."

"எலும்பை உள்ளுக்குள்ள அரிச்சுத் தின்னுட்டிருக்குய்யா இது. ஒரு எக்ஸ்ரே எடுக்கல, ஒண்ணும் இல்ல, ஏழு தடவை தேய்ச்சிருக்கான். எந்த மடையன் இந்த டாக்டர்?"

வெளியூர் டாக்டர் என்று சொல்வதாகத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். சொல்லவும் சொன்னார். "எந்த வெளியூர்? பேரு என்ன? போன் நம்பரைக் குடு, நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன்" என்று பெரிய டாக்டர் போனைக் கையில் எடுத்துவிட்டார். நம் ஆளுக்கு யோசிக்க நேரமில்லை. பதினோரு பெயர்களில் கடைசியாக வந்து சேர்ந்த பெயர்தான் வாயில் முதலில் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கிளினிக் வைத்து மூன்று வருஷம்கூட ஆகாத சின்ன டாக்டரம்மா.

"அந்தப் பொண்ணா?" பெரிய டாக்டர் போனைக் கீழே வைத்தார். கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது. "நல்லாப் படிச்ச பொண்ணுன்னு நானே நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேனேய்யா."

'இல்லை டாக்டர்' என்று சொல்ல அந்த இடத்தில் போதுமான நேரம் இருந்தது.  அவர் சொல்லவில்லை. பெரிய டாக்டர் கடிதம் எழுதினார்: பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, தாடை சர்ஜன், அவசரம், இரண்டு ஆண்டுகளாக இன்ன டாக்டரின் பராமரிப்பில் கவனிக்கப்படாமல் விடப்பட்ட நோயாளி. நோயாளி பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

தேடிய ஆள் கிடைத்தாயிற்று. கடிதமும் மாடலும் கையில். நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியதுதானே? பட்டறைக்குத்தான் திரும்பி வந்தார். அவருக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

மறுநாள் மதியம் சின்ன டாக்டரம்மா மாடியேறி வந்தாள். அவள் அதுவரை அந்தப் படியில் கால் வைத்ததில்லை. கையில் ஒரு தடித்த நோட்டு, கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"அண்ணா, பெரிய டாக்டர் போன் பண்ணினார். ரொம்பத் திட்டிட்டார். திட்டினது சரிதான். ஆனா எனக்கு அந்த பேஷண்ட் யாருன்னே ஞாபகம் வரல. முதல் நாள்லேர்ந்து இருக்கிற சீட்டெல்லாம் எடுத்துப் பார்த்துட்டேன். கீழ்வரிசை வலது பக்கம் பதினாலு பேர். ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிட்டிருக்கேன்."

"உக்காருங்க டாக்டர்" என்றார். வேறென்ன சொல்வது?

"மூணு பேர் போனே எடுக்கல. அதுல ஒருத்தரா இருக்குமோன்னு பயமா இருக்கு. நான்தான் எங்கயோ கவனிக்காம விட்டிருக்கேன். அந்தப் பழைய மாடல் ஏதாவது வச்சிருக்கீங்களாண்ணா? பல்லு அமைப்பப் பார்த்தா யாருன்னு கண்டுபிடிச்சிடுவேன்."

அவளுக்குப் பின்னால் அலமாரியில், மெழுகு டப்பாவுக்கு அப்பால், ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக இருந்தன.

"தூக்கிப் போட்டாச்சு டாக்டர்."

அவள் தலையாட்டினாள். நோட்டை மூடிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். "நீங்க கவனிச்சுச் சொன்னதாலதான் இதாவது தெரிஞ்சுது. இல்லேன்னா அந்த ஆள் கதி என்ன ஆகியிருக்கும்? ரொம்ப நன்றிண்ணா."

அவள் படி இறங்கும் சத்தம் ஓய்கிறவரை அவர் நின்றுகொண்டே இருந்தார். காது மடல்வரை சுட்டது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார், நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்று மெருகேற்றும் மோட்டாரைப் போடவே இல்லை. வெயில் இருக்கும்போதே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி ஒரு கவுனின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். குறடு, வேர், தேய்த்தது, மச்சான் பெயர், சின்ன டாக்டரம்மாவின் நோட்டு. மச்சான் பெயர் வந்தபோது மட்டும் அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. அது அவளுடைய தம்பி. பிறகு கடிதத்தை வாங்கி வாசித்தாள்.

"இத அப்படியே அங்க குடுக்கப் போறீங்களா?"

"தெரியலம்மா."

"இங்க பாருங்க." கையிலிருந்த கவுனை உயர்த்திக் காட்டினாள். "இடுப்பு பெருத்தா நானும் துணியத்தான் பிரிச்சுத் தைக்கிறேன். அது என் வேலை. ஆனா ஒரே ஆள் ரெண்டு வருஷத்துல ஏழு தடவை வந்தா, 'உடம்புக்கு என்னம்மா?'ன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேனா? உங்க வாய்கிட்ட நீங்க அந்த ஒரு வார்த்தை கேக்கல."

அவர் தரையில் கிடந்த நூல்துண்டுகளைப் பொறுக்கினார்.

"இருபத்தஞ்சு வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன். என்கிட்ட சொல்லவும் வெக்கமா?"  கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி அவர் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். "இவ்ளோ பெரிசா! கடவுளே. அந்தப் பொண்ணு இன்னும் எத்தனை பேருக்குப் போன் பண்ணுவா? முதல்ல அங்க போங்க. நானும் வரேன்."

"வேண்டாம்மா. இத நான்தான் பண்ணணும்."

ஏழு மாடலையும் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். சின்ன டாக்டரம்மாவின் கிளினிக்கில் நோயாளிகள் நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்களோடு வரிசையில் உட்கார்ந்தார். உதவியாளர் பெயர் கேட்டதும் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். இந்தத் தடவை கூப்பிட்டபோது முதல் தடவையே எழுந்தார்.

"அட, நீங்களா அண்ணா? அந்த பேஷண்ட் கிடைச்சிட்டாரா?"

அவர் நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டார். வாய்க்குள் கைவிட்டுப் பிளேட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். பிளேட் இல்லாததால் வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன.

"கிடைச்சிட்டார் டாக்டர். போன் பண்றத நிறுத்திடுங்க."

அவள் மாடல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்த்து மேஜையில் வைத்தாள். ஏழாவதை வைத்துவிட்டு, மேஜையிலிருந்த தடித்த நோட்டை மூடினாள். பிறகு கையுறை போட்டாள். புடைப்பை அவள் தொட்ட விதத்தில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"ஒரு அறுபது வயசு அம்மாவுக்குப் போன் பண்ணினேன்" என்றாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே. "எனக்கு என்னமோ பெரிய வியாதின்னு சொல்றியே தாயேன்னு அழுதுட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நான் இன்னைக்கு நேர்ல போய்ச் சொல்லணும்."

"தப்புப் பண்ணிட்டேன் டாக்டர்."

"ஆமா. பண்ணிட்டீங்க." போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். "பெரிய டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. என் கண் முன்னாடியே சொல்லுங்க."

சொன்னார். மறுமுனையில் பெரிய டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "என்கிட்ட வர்றதுக்கு உனக்கு என்னய்யா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

சின்ன டாக்டரம்மா புதுக் கடிதம் எழுதினாள். முன்பு சிகிச்சை அளித்தவர் என்ற வரிக்கு வந்ததும் பேனாவை அவர் கையில் கொடுத்தாள். அவர் தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'பல் செட் தொழிலாளி' என்று எழுதினார். "உங்களுக்கு இனிமே வேலை அனுப்புவேனான்னு எனக்குத் தெரியல. ஆனா இன்னைக்கே அங்க போயிடுங்க. ஆப்பிள் கீப்பிள் எதையும் கடிச்சிடாதீங்க, தாடை உடைஞ்சிடும்" என்றாள்.

மூன்றாம் மாடி சர்ஜன், படித்துக்கொண்டிருக்கும் ஐந்தாறு இளம் டாக்டர்கள் சூழக் கடிதத்தை உரக்கவே வாசித்தார். "யாருங்க இது, பல்லப் புடுங்கி வேரை உள்ளயே விட்டது?"

"நான்தாங்க."

"தேய்ச்சுக்கிட்டே இருந்தது?"

"அதுவும் நான்தாங்க."

இளம் டாக்டர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சர்ஜன் சிரிக்கவில்லை. ஏழு மாடலையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்து, அவர்களுக்குப் பாடம் எடுத்தார். நம் ஆள் அந்தப் பாடம் முடிகிறவரை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டி புற்றுநோய் இல்லை என்று பரிசோதனையில் வந்தது. வேர்த்துண்டு ஒரு நகக்கண் அளவுதான் இருந்ததாம். தாடையைக் காப்பாற்றிவிட்டார்கள், உதட்டில் உணர்வு பாதிதான் திரும்பியது. எலும்பு மறுபடி வளரப் பத்து மாதம். அதுவரை பிளேட் போடக் கூடாது. டப்பா கொண்டுவருகிற ஆட்களெல்லாம் பல் இல்லாத அந்த ஓட்டையைப் பார்த்தார்கள், டாக்டர்களிடம் போய்ச் சொன்னார்கள். இருவர் வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு டப்பாவும் வரவில்லை. அந்த அறுபது வயது அம்மாவின் வீட்டுக்கு ஒருநாள் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் யாரென்றே அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

பதினோராம் மாதம், அளவெடுப்பதற்காகச் சின்ன டாக்டரம்மாவிடமே போனார். அவள் அதிகம் பேசாமல் அச்செடுத்தாள். "உங்களுக்கு யாரு பிளேட் செய்யணும்?" என்று கேட்டாள். "நீங்க யாருக்கு அனுப்பினாலும் சரி டாக்டர்" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்கு ஒரு டப்பா வந்தது. திறந்தால் அவருடைய வாய். கூடவே முறைப்படி ஆர்டர் சீட்டு. நோயாளி என்ற இடத்தில் அவர் பெயர். டாக்டர் என்ற இடத்தில், அன்று அவர் பொய்யாகச் சொன்ன அதே பெயர், இப்போது அவளுடைய கையெழுத்தாக. அதன் கீழே குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்.

'உட்காரவில்லை என்றால் தேய்க்க வேண்டாம். நோயாளியை என்னிடம் அனுப்பவும்.'

மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். கீழே சாவிக் கடையில் யாரோ அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்தார்கள். தலை நிமிர்த்த முடியவில்லை அவருக்கு. வெகுநேரம் கழித்துத்தான் பிளாஸ்டரைக் கரைக்க எழுந்தார்.